சிக்க வேண்டிய கதவு

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த புதிதில் டிரைவரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் தானாக நீண்டு, இல்லாத பிரேக்கைத் தேடும். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும்போதுகூட வாசலில் ஒரு நொடி நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அவருடைய கணவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, "ஒண்ணும் வரல, போலாம் ரைட்" என்று குரல் கொடுப்பார்.

கணவர் கண்டக்டராக இருந்தவர். அவரும் ஓய்வு பெற்றவர்தான். ஆனால் ஓய்வைப் பதவி உயர்வு போல எடுத்துக்கொண்டு, பேப்பரும் தூக்கமுமாக அதில் நன்றாகக் காலூன்றிவிட்டார்.

இருவரும் ஒரே வண்டியில் வேலை பார்த்தவர்கள். மார்க்கெட்டில் கிளம்பி, பெரிய ஆஸ்பத்திரியைத் தொட்டு, மேட்டு ரோட்டில் முக்கி முனகி ஏறி, கண்ணாடித் தொழிற்சாலை வாசலில் போய் மூச்சு வாங்கும் பதினேழாம் நம்பர் பஸ். டிரைவரம்மா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டெப்போவில் பெண் என்று சொல்ல அலுவலகத்தில் டைப் அடித்த ஒருவர்தான் இருந்தார். அதுவரை சித்தப்பாவின் காய்கறி வேனை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரம்மா, தோள் தொங்கும் காக்கிச் சட்டையோடு வந்து பஸ்ஸில் ஏறினார். முதல் நாள் அவர் வண்டியை ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்க்க மற்ற டிரைவர்கள் டீ கிளாசும் கையுமாக வரிசையாக நின்றார்கள். அவர் சுவரில் ஒரு கீறல் விழாமல் எடுத்து நிறுத்தினார். வந்தவர்களுக்கு டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அவரோடு போகக் கண்டக்டர்தான் கிடைக்கவில்லை. ஒருவருக்குத் திடீரென்று முதுகுவலி, இன்னொருவருடைய மாமியாருக்குத் திடீரென்று உடம்பு முடியவில்லை. கடைசியில் ஒல்லியாக ஓர் ஆள் தோளில் பையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "யார் ஓட்டினா எனக்கென்ன? டிக்கெட் நான்தானே கிழிக்கணும்" என்றார். அந்த ஆளைத்தான் டிரைவரம்மா பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டார்.

பழைய வண்டிகளையெல்லாம் ஒரு வருஷம் மொத்தமாக உடைத்துக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். பித்தானை அமுக்கினால் புஸ்ஸென்று கதவு திறக்கிற புது வண்டிகள் வந்தன. டிரைவரம்மா அவற்றையும் ஓட்டினார்; குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கனவில் வருவதென்னவோ பழைய வண்டிதான். கீழே வெளிர் பச்சை, மேலே பால் வெள்ளை. டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் கொதிக்கிற இன்ஜின் பெட்டி. அதன் மேல் மடித்துப் போட்ட பழைய போர்வை.

அந்த மழைக்காலத்தில் பரண் ஒழுகியது. நனையாமல் இருக்கப் பெட்டிகளை இறக்கியபோது, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் சின்ன வயதில் விளையாடிய பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. ஒன்றின் மேல் ஒன்று டக்கென்று பொருந்தும் வண்ணக் கட்டைகள், குட்டிச் சக்கரங்கள், பற்சக்கரங்கள், அச்சுக் கம்பிகள், கீல்கள். சிலவற்றில் மகனுடைய பால் பல் தடம் அப்படியே இருந்தது. டிரைவரம்மா அத்தனையையும் பக்கெட்டில் சோப்புப் போட்டு அலசி, கூடத்தில் போர்வை விரித்துக் காயப் போட்டார். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்த கண்டக்டர் ஒரு கட்டையை மிதித்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினார்.

"என்ன இது, பேரன் பேத்தி வரப்போறாங்கன்னு எவனாவது போன் பண்ணானா?"

"யாரும் பண்ணல. நான் நம்ம பஸ்ஸைக் கட்டப்போறேன்."

"கட்டு, கட்டு. கட்டி முடிச்சதும் எழுப்பு" என்று காலைத் தேய்த்துக்கொண்டே போய்ப் படுத்தார்.

ஜன்னலோர மேஜை அன்றுமுதல் டெப்போ ஆனது. வெளிக்கூடு கட்டுவதில் டிரைவரம்மாவுக்குச் சிரமமே இருக்கவில்லை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமான நீளம். ஜன்னல்கள், இருக்கைகள், முன்னால் வழியெழுதும் பலகை. பச்சை போதாமல் மகனுக்குப் போன் போட்டார். அவன் சிரித்துவிட்டு, "கம்ப்யூட்டர்லயே டிசைன் பண்ணிப் பாக்கலாம்மா, கட்டை எத்தனை வேணும்னு அதுவே சொல்லிடும்" என்றான். "கையில தொடாம எப்படிடா தெரியும்? நீ பச்சையை மட்டும் அனுப்பு" என்றார். பார்சல் வந்தது.

நிற்கிற பஸ் என்றால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பாத வண்டியை எப்படிப் பஸ் என்று சொல்வது? அதைச் செய்தார். பற்சக்கரம் ஒன்று, அது தள்ளுகிற பல்வைத்த பட்டை ஒன்று. இரண்டு தடவை பிரித்து மூன்றாம் தடவையில் சக்கரங்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. அதற்கப்புறம் கதவுக்கு வந்தார். கதவில்தான் வண்டி நின்றுபோனது.

நிஜ பஸ்ஸில் கதவு முன்பக்கம், டிரைவருக்கு எதிர்ப்புறம் இருந்தது. இரண்டு பலகையாக மடிந்து உள்ளே ஒதுங்கும். டிரைவர் இருக்கையை விட்டு எழாமல் ஒரு நெம்புகோலை இழுத்தால் போதும். அடியில் ஓடும் கம்பி போய்க் கதவை மடிக்கும். டிரைவரம்மா முதலில் கம்பிக்குப் பதில் நூலைக் கட்டினார். நூல் இழுத்தது, தள்ளவில்லை. திறந்த கதவு திறந்தபடியே இருந்தது. அடுத்து வரிசையாகப் பற்சக்கரங்களை வைத்தார். பல் நழுவி டிக் டிக் என்று சத்தம் வந்ததே ஒழியக் கதவு அசையவில்லை. பிறகு நீளமான அச்சுக் கம்பி. அது நேராகப் போய் ஸ்டியரிங் பட்டையில் முட்டியது. கதவைத் திறந்தால் வண்டி இடதுபக்கம் திரும்பியது.

"நல்ல வண்டி. ஆள் ஏறினா தானாவே ஓரமா ஒதுங்குது" என்றார் கண்டக்டர், பேப்பரை விலக்காமலே.

டிரைவரம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பாதியைப் பிரித்து, கம்பியை இன்ஜின் பெட்டிக்குள் ஒளித்து, அங்கிருந்து வளைந்த துண்டு ஒன்றால் திசை திருப்பிக் கதவுக்குக் கொண்டுபோனார். கதவின் தலைப்பக்கம் நீளப் பள்ளமாக ஒரு காடி வைத்து, அதில் உருண்டு போகக் குட்டிச் சக்கரம் ஒன்றை மாட்டினார். அந்த நாட்களில் சோற்றில் உப்பு இருந்ததா இல்லையா என்ற பேச்சே வீட்டில் எழவில்லை; ஒருவர் கவனிக்கவில்லை, இன்னொருவர் பயத்தில் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல் நெம்புகோலை இழுத்தார். கதவு வெண்ணெய் போல மடிந்து உள்ளே போனது. தள்ளினார், அதே அழகோடு மூடிக்கொண்டது. டிரைவரம்மா அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டார்.

கண்டக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, குனிந்து, நெம்புகோலை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த "தான்" டிரைவரம்மாவின் மண்டையைக் குடைந்தது. டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார்.

"என்ன குறை? சொல்லுங்க."

"குறையெல்லாம் இல்ல. ஆனா அது நம்ம பஸ் இல்ல."

"ஏன் இல்ல? பச்சை சரியில்லையா?"

"பச்சை சரி. கதவு சிக்கலையே."

"எந்தக் கதவு?"

கண்டக்டர் டீயைக் கீழே வைத்தார். "எந்தக் கதவா? ஒவ்வொரு ஸ்டாப்லயும் பாதியில சிக்கி நிக்குமே, நான் போய் அடியில ஒரு உதை விடுவேனே. அந்தக் கதவு."

"எப்பவாவது சிக்கியிருக்கும். நான் இழுத்தா திறக்கும். எனக்கு அப்படித்தான் ஞாபகம்."

"நீங்க இழுப்பீங்க. திறக்கிறது நான்" என்றார் கண்டக்டர். கோபம் வந்தால்தான் அவர் மனைவியை 'நீங்க' என்பார். "அது சிக்கலேன்னா நமக்குக் கல்யாணமே நடந்திருக்காது. அதைப் போயி மறந்துட்டீங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பருக்குள் போய்விட்டார்.

டிரைவரம்மாவுக்கு நிஜமாகவே குழப்பமாக இருந்தது. கண்ணை மூடினால் நெம்புகோலின் பிடி கைக்குள் வந்தது; அதில் சுற்றியிருந்த டேப்பின் பிசுபிசுப்புகூட வந்தது. இழுத்தால் ஆட்கள் ஏறினார்கள். நைட் டியூட்டி முடித்துச் செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ஏறும் நர்ஸ், நிற்க இடமில்லாவிட்டாலும் மடியில் பேப்பர் திருத்துவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் டீச்சர், பெரிய ஊதுகுழல் பெட்டிக்கும் ஒரு இருக்கை கேட்கும் பேண்டு வாத்தியக்காரர். எல்லோரும் ஏறுகிறார்கள். கதவு எங்கே சிக்குகிறது?

மறுநாள் இருவருமாகப் பழைய மெக்கானிக்கைப் பார்க்கப் போனார்கள். பேசிக்கொள்ளாமல் ஒன்றாக நடந்து போனார்கள். மெக்கானிக் இவர்களைவிட மூத்தவர். வீட்டுக்குப் பின்னால் கண்ணாடித் தொட்டிகளில் மீன் வளர்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பதினேழாம் நம்பர் வண்டியில முன்கதவு சிக்குமா?" என்று டிரைவரம்மா கேட்டார்.

மெக்கானிக் மீனுக்குத் தீனி போட்ட கையை வேட்டியில் துடைத்தார். "சிக்கியிருக்கலாம். அந்த மாடல்ல மேல இருக்கிற காடி வளைஞ்சுக்கும். மத்த வண்டிக்காரன் எல்லாம் வாரம் தவறாம வந்து எம் பிராணனை வாங்குவான். உங்க வண்டியிலேருந்து யாரும் வந்ததே இல்லையே? சொல்லியிருந்தா அரை மணி வேலை. தட்டி நேராக்கிக் குடுத்திருப்பேன்."

"இவர் சொல்லியிருப்பாருன்னு நான் விட்டிருப்பேன்" என்றார் டிரைவரம்மா.

"கதவு டிரைவர் பொறுப்பு. கம்ப்ளெயின்ட் டிரைவர்தான் எழுதணும்" என்றார் கண்டக்டர்.

"அது சரி. ஆனா உதைச்சு உதைச்சுக் கால் வலிச்சது உங்களுக்குத்தானே? நீங்க ஏன் ஒரு வார்த்தை எங்கிட்டகூடச் சொல்லல?"

கண்டக்டர் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. இத்தனை வயதில் ஒரு மனிதருக்குக் காது சிவக்கும் என்று டிரைவரம்மா நினைத்ததில்லை.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நெம்புகோலை இழுத்ததும் கை பாதியில் நின்றுவிடும். உடனே அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்ப்பார். கண்ணாடியில் அந்த ஒல்லி ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவான், கதவின் அடியில் ஓர் உதை விடுவான், கதவு திறக்கும், பிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்து ஒரு சிரிப்பு. மார்க்கெட்டில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று, மேட்டு ரோட்டில் ஒன்று. தானும் ஒரு நாள்கூடப் புகார் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, இதுக்குத்தானா?" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "நல்லவேளை, நான் மூக்கை நுழைக்கல. நேராக்கிக் குடுத்திருந்தா ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவம் வந்திருக்கும்."

திரும்பி வரும்போது பேசிக்கொண்டே வந்தார்கள்.

அன்றிலிருந்து சாய்வு நாற்காலி காலியானது. ஜன்னலோர மேஜைக்கு இரண்டாவது நாற்காலி வந்தது. வேலை இப்போது தலைகீழ்: வெண்ணெய் போல ஓடுகிற கதவைச் சிக்க வைக்க வேண்டும். இதென்ன பிரமாதம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். கண்டக்டர் ஒரு குட்டிக் கட்டையை எடுத்துக் காடிக்குள் குறுக்கே வைத்தார். நெம்புகோலை இழுத்ததும் கதவு நின்றது. கொஞ்சம் அழுத்தியதும் கீல் கழன்று ஒரு பலகை தெறித்து டீ கிளாசுக்குள் விழுந்தது.

"பயணிகள் கவனத்துக்கு" என்றார் டிரைவரம்மா.

கட்டையை எடுத்துவிட்டுத் தலைமுடிக்குப் போடும் ரப்பர் வளையத்தை மாட்டிப் பார்த்தார்கள். மெதுவாக இழுத்தால் சிக்கியது, வேகமாக இழுத்தால் சிக்கவில்லை. காடியை ஒரு பக்கம் இறுக்கினார்கள். திறக்கும்போதும் சிக்கியது, மூடும்போதும் சிக்கியது.

"மூடும்போது சிக்கவே கூடாது. ஒரு நாளும் சிக்கினதில்ல" என்றார் கண்டக்டர்.

"அது எனக்கும் ஞாபகம் இருக்கு."

"அப்பாடா. ஏதோ ஒண்ணாவது இருக்கே."

தானாக ஏற்படுகிற கோளாறை வேண்டுமென்று உண்டாக்குவது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் சிக்க வேண்டும், அதே இடத்தில் சிக்க வேண்டும், அடியில் தட்டினால் மட்டும் விட வேண்டும். அடியில் தட்டினால் தலையில் சிக்கியது ஏன் விடுகிறது? உதைத்தவர் கண்டக்டர்தான், ஆனால் உதைக்கும்போது குனிந்திருந்ததால் மேலே என்ன நடந்தது என்று அவர் பார்த்ததே இல்லை.

"நம்ம அலமாரிக் கதவை உதைச்சுக் காட்டுங்க. நான் மேல பாக்கறேன்" என்றார் டிரைவரம்மா.

கண்டக்டருக்கு இடுப்பில் வலி. ஆனாலும் எழுந்து, சமையலறை அலமாரியின் கதவைப் பாதி திறந்து வைத்து, பழைய கணக்காக ஓர் அடி பின்வாங்கி, கால் விரல்களை மடக்கி, அடியில் ஒரு உதை விட்டார். உள்ளே டம்ளர்கள் குலுங்கின. ஸ்டூலில் ஏறி நின்ற டிரைவரம்மா, "இன்னொரு தடவை" என்றார். "இன்னொண்ணு."

"டிரைவரே, இது ஓவர்டைம்."

"ஆங், பாத்துட்டேன். கீழ உள்ள போகுது, மேல வெளிய சாயுது. சாயும்போது கொஞ்சம் எழும்புது. அதான் தாண்டிடுது."

கீல் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். அத்தனை நாளும் ஆட்டம் இல்லாமல் இறுக்கி இறுக்கி வைத்த கீலை டிரைவரம்மா தானே தளர்த்தினார். காடிக்குள் கூரைபோல ஒரு பக்கம் சரிந்த மிகச் சின்னத் துண்டு ஒன்றை வைத்தார். கதவு திறக்கும்போது வந்து முட்டுவது செங்குத்தான பக்கம், மூடும்போது ஏறிப் போவது சரிவான பக்கம். நெம்புகோலை இழுத்தார். கதவு பாதி வழியில் டொக்கென்று நின்றது. கண்டக்டர் சுண்டுவிரல் நகத்தால் அடியில் சுண்டினார். பலகை சற்றே சாய்ந்து, எழும்பி, தாண்டி, மடிந்து உள்ளே போனது. தள்ளியதும் சரிவில் வழுக்கிக்கொண்டு மூடியது.

டிரைவரம்மா மறுபடி இழுத்தார். அவர் மறுபடி சுண்டினார். அப்படியே கொஞ்ச நேரம், ஏறுகிற ஆட்களை எல்லாம் ஏற்றுகிற மாதிரி, செய்துகொண்டிருந்தார்கள்.

போட்டோ பார்த்த மகன், இப்படிக் கட்டைகளால் சொந்தமாக மாதிரிகள் செய்கிறவர்கள் கூடும் கண்காட்சி ஒன்றில் பேரைக் கொடுத்துவிட்டான். பெரிய மண்டபம். கப்பல், கோட்டை, தானாகச் சுற்றும் ராட்டினம், கட்டையை அள்ளிப் போடும் கிரேன் எல்லாம் இருந்தன. ராட்டினத்துக்குப் பக்கத்து மேஜையில் பதினேழாம் நம்பர் நின்றது. வருகிறவர்கள் நெம்புகோலை இழுப்பார்கள், கதவு நிற்கும், முகம் வாடும். "அடியில தட்டுங்க" என்பார் கண்டக்டர். தட்டினால் திறக்கும், முகம் மலரும். ராட்டினத்தைப் பார்த்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். இங்கே வந்தவர்கள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நகர மறுத்தார்கள்.

கண்காட்சி நடத்துகிறவர் கவலையோடு வந்தார். "அம்மா, கதவு சிக்குது. எங்க ஆளுங்க சரி பண்ணித் தரட்டுமா?"

"அது சிக்கணும் சார்" என்றார் கண்டக்டர்.

"சிக்கணுமா?"

"சிக்கலேன்னா சொல்லுங்க, சரி பண்ணிடறோம்."

வீடு திரும்பும்போது புது பஸ்ஸில் ஏறினார்கள். டிரைவரம்மா அட்டைப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரி வளைவில் வண்டி திரும்பிய திருப்பில் பெட்டி சரிந்து, மூடி திறந்து, பஸ்ஸின் முன்பாதி நொறுங்கிக் கட்டைகள் நடைவழியெங்கும் உருண்டு ஓடின. டிரைவரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

கண்டக்டர் எழுந்து நின்றார். இடுப்பு வலிக்காரர் போலவே இல்லை. "யாரும் காலைத் தூக்காதீங்க! உக்காந்த எடத்துல உக்காருங்க! படியில நிக்கிறவங்க உள்ள தள்ளி வாங்க, பச்சை எல்லாம் இந்தப் பக்கம், வெள்ளை எல்லாம் அந்தப் பக்கம்!" என்றார். கண்டக்டரே இல்லாத அந்தப் புது வண்டியில் யாரோ ஒரு கிழவர் போட்ட அதட்டலுக்கு மொத்தக் கூட்டமும் மூச்சுக் காட்டாமல் கட்டுப்பட்டது. காதில் பாட்டு மாட்டியிருந்தவர்கள் கழற்றிவிட்டுக் குனிந்தார்கள். குடை மடிப்பிலிருந்து ஒரு சக்கரம், ஒரு பெண்ணின் மார்க்கெட் கூடையிலிருந்து இரண்டு ஜன்னல். டிரைவர் அடுத்த ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, எல்லாம் கிடைக்கும்வரை காத்திருந்தார். டிரைவரம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. பழைய மாதிரி, முன்னும் பின்னும் நடந்து, ஒவ்வொருவர் முன்னாலும் கையை நீட்டிக்கொண்டு வந்த கணவரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸை மறுபடி கட்டியாகிவிட்டது. இப்போது வைப்பருக்கு வந்திருக்கிறார்கள். மழையில் இரண்டு வைப்பரும் ஓடும் என்கிறார் கண்டக்டர். ஒன்றுதான் ஓடும், அதுவும் டிரைவர் பக்கம் இல்லை என்கிறார் டிரைவரம்மா. இந்த விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை. கழுத்தை நீட்டி அந்தப் பக்கக் கண்ணாடி வழியாக மழையைப் பார்த்து ஓட்டியவர் அவர்தானே. இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மீன் தொட்டிக்காரரிடம் பஞ்சாயத்துக்குப் போகிறார்கள்.